ரோஜாவின் மீது விழுந்த பழி: மகரந்தமும் புகையும் நகரக் காற்றும்

குராஸான் மண் ஈன்ற பேரறிஞர்களுள் அபூஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ (850-934) ஒருவர். இஸ்லாமியப் புவியியல் வரைபடக் கலையில் ஒரு தனி மரபே அவருடைய பெயரால் வழங்குகிறது. உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருசேர ஆய்ந்த ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலும் அவர் எழுதியதே. இத்தகைய மேதையை ஆண்டுதோறும் ஒரு சிறு துன்பம் வாட்டி வந்தது. வசந்த காலத்தில் ரோஜா மலரத் தொடங்கினால் அவருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (865-925) இதன் காரணத்தை ஆராய்ந்து தனியே ஒரு சிற்றேடு வரைந்தார். அபூஸைத் அல்பல்கீக்கு வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது ‘ஸுகாம்’ ஏற்படுவது ஏன் என்பதே அதன் தலைப்பின் கருத்து. பருவந்தோறும் வந்து போகும் ஒவ்வாமையைப் பற்றி நமக்குக் கிட்டியுள்ள மிகப் பழைய எழுத்துகளுள் இது ஒன்று.

ஆயினும், ரோஜா உண்மையில் குற்றவாளிதானா? ரோஜாவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. வண்டும் தேனீயும் சுமந்து சென்றாலன்றி அது நெடுந்தொலைவு போவதில்லை. காற்றில் பெருமளவில் பரவி மூக்கையும் கண்ணையும் தாக்கும் மகரந்தம், நிறமும் மணமும் அற்ற எளிய பூக்களிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. புற்களும் பலவகை மரங்களும் பூச்சியை அழைப்பதில்லை, காற்றையே நம்பியிருக்கின்றன. ஆதலால் அவற்றுக்கு அழகும் வேண்டியதில்லை. அரபு மொழி இன்று மகரந்தத்தை ‘ஹுபூபுல் லகாஹ்’ என்கிறது. சூரத்துல் ஹிஜ்ரின் 22ஆம் வசனம் காற்றுகளைக் குறிக்கையில் ‘லவாகிஹ்’ என்று கூறும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததே. அவை மேகங்களையும் மரங்களையும் கருவுறச் செய்கின்றன என முஃபஸ்ஸிர்கள் விளக்கியுள்ளனர். கண்ணுக்குத் தெரிந்த ரோஜா பழியைச் சுமந்தது. அதே பருவத்தில் காற்றில் மிதந்து வந்த வேறொரு மகரந்தமே அல்பல்கீயை வாட்டியிருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

மான்செஸ்டரில் எழுந்த புதிர்

இதன்பின் நெடுங்காலம் கழித்து, 1819இல், லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் கோடைதோறும் தமக்கு நேரும் கண்ணெரிச்சலையும் மூச்சுத் திணறலையும் ஒரு நோயாளியின் குறிப்பாகவே எழுதி மருத்துவச் சங்கத்தில் படித்தார். அதற்குக் காரணம் மகரந்தமே என்று சோதனைகளால் மெய்ப்பித்தவர் சார்லஸ் பிளாக்லி. அவர் வாழ்ந்தது ஆலைப் புகை சூழ்ந்த மான்செஸ்டரில். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி வானில் ஏற்றி, மேலே எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் அவர். 1873இல் அவருடைய நூல் வெளிவந்தது. அவரைத் திகைக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. மகரந்தத்தினிடையே நாள் முழுதும் உழலும் உழவர்களிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. கற்றவர்களிடமும் வசதி படைத்தவர்களிடமுமே மிகுந்திருந்தது. மகரந்தம் மட்டுமே காரணமெனில் இது தலைகீழாகவன்றோ இருந்திருக்க வேண்டும்?

இப்னு ரிள்வான் கண்ட ஃபுஸ்தாத்

நகரத்தின் காற்று நாட்டுப்புறக் காற்றினின்று வேறுபட்டது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பதினோராம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர் அலீ இப்னு ரிள்வான், எகிப்து மண்ணில் உடலுக்கு நேரும் தீங்குகளைத் தடுப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். எகிப்தைக் கண்ணால் காணாமலே அதன் காற்றைப் பற்றி எழுதிய கைரவான் மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸாருக்கு மறுப்பாகவும் அது அமைந்தது. கண்டதை எழுதுவதே இப்னு ரிள்வானின் வழி. ஃபுஸ்தாத் நகரின் கிழக்கே முகத்தம் மலை நின்று காற்றைத் தடுக்கிறது. தெருக்கள் குறுகியவை, கட்டடங்களோ உயர்ந்தவை. குளியலகங்களின் அடுப்புகள் புகையைக் கக்குகின்றன. மக்கள் செத்த பிராணிகளைத் தெருவில் எறிகின்றனர். புழுதி தொண்டையை அறுக்கிறது. காற்று வீசாத கோடை மாலைகளில் நகரின் மேல் கருமை படர்ந்த ஆவி ஒன்று தேங்கி நிற்பதையும் அவர் குறித்துள்ளார்.

நிலத்தின் அமைப்பு, கட்டடங்களின் நெருக்கம், எரிபொருளின் புகை, காற்றின் அசைவு ஆகிய நான்கையும் ஒரே சட்டகத்துள் அவர் வைத்தார். இன்று நகரக் காற்றை ஆராய்வோர் கணக்கிடுவதும் இவற்றையே. அவருக்கு அடியெடுத்துத் தர மகரந்தம் ஒன்றே எஞ்சியிருந்தது.

மூன்றும் ஒன்றுகூடும்போது

பிளாக்லியின் புதிருக்கு ஒரு பகுதி விடை ஜப்பானிலிருந்து கிடைத்தது. நிக்கோ என்னும் இடத்தில் பழைமையான தேவதாரு வகை மரங்கள் வரிசையாக நிற்கும் சாலைகள் உள்ளன. 1987இல் வெளியான ஓர் ஆய்வு, வாகனங்கள் மிகுந்த அச்சாலையோரம் வாழ்வோரையும், அதே மரங்கள் அடர்ந்த காட்டுப்புறத்தில் வாழ்வோரையும் ஒப்பிட்டது. மகரந்தம் இரு பக்கமும் இருந்தது. ஒவ்வாமை நோயோ சாலையோரத்தாரிடமே மிகுதியாக இருந்தது.

இதற்கான காரணங்கள் இப்போது ஓரளவு தெளிவாகியுள்ளன. டீசல் புகையின் நுண்துகள்கள், ஒவ்வாமைக்குரிய எதிர்ப்புப் புரதத்தை உடல் மிகுதியாகச் சுரக்கத் தூண்டுகின்றன. ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் மூச்சுப்பாதையின் உட்சவ்வைப் புண்படுத்துகின்றன. மகரந்தப் புரதத்தின் வேதியமைப்பையும் மாற்றிவிடுகின்றன. கல்லும் தாரும் வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் நகரத்து மரங்கள் சுற்றுப்புற மரங்களைவிட முன்னதாகப் பூக்கின்றன.

வானிலையோ இருமுகம் கொண்டது. சீராகப் பெய்யும் மழை காற்றைக் கழுவிவிடும். இடிமழையின்போது ஈரத்தால் மகரந்தம் வெடித்துச் சிதறும். மூக்கிலேயே தங்கிவிட வேண்டியது நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்ன் நகரில் புல் மகரந்தமும் இடிமழையும் கூடியபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு விரைந்தனர்; பத்துப் பேர் உயிரிழந்தனர்.

இஸ்லாமாபாத் தரும் பாடம்

மரத்தின் மகரந்தம் ஒரு நகரத்தையே எங்ஙனம் வருத்தும் என்பதற்கு இஸ்லாமாபாத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. கிரேக்கக் கட்டடக் கலைஞர் டாக்ஸியாடிஸ் வகுத்த திட்டப்படி மர்கல்லா மலையடிவாரத்தில் 1960களில் எழுந்த தலைநகர் அது. வெற்று நிலத்தை விரைவில் பசுமையாக்க எண்ணியோர், கிழக்காசியாவைச் சேர்ந்த காகித மல்பெரி மரத்தைப் பரப்பினர். எண்ணம் தூயது, மரமும் விரைந்து வளர்ந்தது. அம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் மரத்தின் பழங்களைப் பறவைகள் தின்று விதைகளை எங்கும் பரப்பின. வேர்களிலிருந்தும் புதிய கன்றுகள் கிளைத்தன. ‘ஜங்லி தூத்’ என்று மக்கள் அழைக்கும் அம்மரம் ஓடைக்கரைகளையும் மலைச்சரிவுகளையும் கைப்பற்றிக்கொண்டது.

ஆண் மரங்கள் மார்ச் மாதத்தில் மகரந்தத்தை உதறுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் 1,500 மரமகரந்தத் துகள்கள் இருந்தாலே மிக அதிகம் என்பது வழக்கமான அளவுகோல். இஸ்லாமாபாத்தின் உச்ச நாள்களிலோ 40,000க்கு மேலும் பதிவாகியுள்ளது. வறண்டு வெயில் காயும் நாள்களில் அளவு ஏறும். மழை பெய்தால் இறங்கும். ஆகவே அந்நாட்டு வானிலைத் துறை, மழையை அறிவிப்பதுபோல் மகரந்த அளவையும் நாள்தோறும் அறிவிக்கிறது. இயன்றவர்கள் அவ்வாரங்களில் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர். இயலாதோர், அவர்களுள் சாலையோரத் தொழிலாளர், வாகனப் புகையையும் மகரந்தத்தையும் சேர்த்தே சுவாசிக்கின்றனர்.

அம்மரங்களை வெட்டும் முயற்சிகள் பலமுறை நடந்துள்ளன. வெட்டிய அடிமரங்கள் மீண்டும் தளிர்த்தன. ஈண்டு ஃபிக்ஹுக் கலையின் இரு விதிகள் நம் நினைவுக்கு வருகின்றன. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஒன்று. ஒரு தீங்கை அதற்கு நிகரான இன்னொரு தீங்கால் அகற்றலாகாது என்பது மற்றொன்று. நிழலை முற்றும் அழித்தால் வெப்பமும் புழுதியும் பெருகும். ஆகவே ஆண் மரங்களைப் படிப்படியாக நீக்கி, அவ்விடங்களில் மண்ணுக்குரிய மரங்களை நட்டு, கூடவே வாகனப் புகையையும் குறைப்பதே இவ்விரு விதிகளுக்கும் இசைந்த வழியாகும். மரத்தை வெட்டிவிட்டுப் புகையை விட்டுவைப்பது பாதிப் பணியே.

இது தொலைதூரத்துக் கதையன்று. பசுமைக்கும் விறகுக்குமென்று நம் மண்ணில் பரப்பப்பட்ட சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதே. வளைகுடா நகரங்களை அழகுபடுத்திய கோனோகார்ப்பஸ் மரத்தை இனி நடலாகாது என 2025இல் தமிழக அரசு தடை விதித்தது. விரைவில் வளரும் என்ற ஒரே காரணத்துக்காக மரங்களைத் தேர்ந்தெடுத்த தலைமுறைகளின் கணக்கை இன்றைய பிள்ளைகளின் மூச்சு தீர்த்துக்கொண்டிருக்கிறது.

மரம் நடுதல் நன்மை தரும் தர்மம் என்பதில் நமக்கு ஐயமில்லை. எந்த மரத்தை, எந்தக் காற்றில், யாருடைய வாசலில் நடுகிறோம் என்று ஆராய்வதும் அந்தத் தர்மத்தின் பகுதியே. அர்ராஸீ ஒரு நண்பரின் ஜலதோஷத்துக்காகத் தனி நூல் எழுதினார். ஊர் முழுவதும் மூச்சுத் திணறும் காலத்தில் வாழும் நாம், நம் பள்ளிவாசல் வளாகத்திலும் மதரஸா முற்றத்திலும் நிற்கும் மரங்களின் பெயரையாவது முதலில் அறிந்துகொள்வோமாக.