கால்கோளும் ஏடு தொடக்கலும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், செட்டிபாளையத்தைத் தாண்டிக் களுதாவளைக்கு முன்னால் வருகிறது தேற்றாத்தீவு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். பட்டிருப்புக் கல்வி வலயத்து ஊர் என்பதால் இங்குள்ள பாடசாலைகளின் பெயர்ப்பலகைகள் ‘மட்/பட்/’ என்று தொடங்கும். புதிய கல்வியாண்டு பிறக்கும்போது இந்தக் கரையோரப் பாடசாலைகளின் வாசல்களில் ‘தரம் 1 மாணவர் கால்கோள் விழா’ என்று பதாகை கட்டுவார்கள். சில பாடசாலைகள் அதே விழாவை ‘வித்தியாரம்ப விழா’ என்று அறிவிக்கும். வடமொழிச் சொல் ஒன்று, அதற்குப் பதிலாக வந்த தமிழ்ச்சொல் ஒன்று, பொருள் ஒன்றுதானே என்பது பலரது எண்ணம். அந்த எண்ணம் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டு சொற்களும் இரண்டு வேறு செயல்களைக் குறிப்பவை. ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அன்று நடப்பதை முழுதாகச் சொல்லக்கூடியது கால்கோள்தான்.

சொல் பழையது. ‘கால்கோள் விழவு’ என்ற தொடரே சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. புகார்க் காண்டத்து இந்திரவிழவு ஊரெடுத்த காதையில், வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி விழாவின் தொடக்கத்தையும் முடிவையும் ஊருக்கு அறிவிக்கிறார்கள். அந்தத் தொடக்கத்துக்குத்தான் கால்கோள் என்று பெயர். அதனோடு சேர்ந்து நடப்பது கொடி எடுத்தல். மணிமேகலையின்படி இந்திரவிழா 28 நாள் நடக்கும். இத்தனை நாள் நீளும் ஊர்ப்பெருவிழாவின் முதல் நாளுக்கு உரிய சொல், வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து வயதுப் பிள்ளையின் முதல் விழாவுக்குப் பெயராக வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இச்சொல் வேறு பக்கம் போய்விட்டது. அங்கே கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினாலும் மாநாட்டுப் பந்தலுக்குக் கால் நட்டாலும் கால்கோள் விழா என்பார்கள். இலங்கையில் மட்டுமே அது பிள்ளையைத் தேடி வந்தது. இந்த இடமாற்றம் தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆனால் நிலைத்து நின்றதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கால் என்பது இங்கே நடும் மரம், தூண், கம்பம். கோள் என்பது கொள் என்னும் வினையின் முதல் நீண்ட தொழிற்பெயர். கால்நாட்டு என்ற சொல்லும் தமிழில் உண்டு. அதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். நாட்டுகிறவர் வெளியே நிற்கிறார், மரம் அவர் கைக்கு அடங்கிய பொருள். கொள்வது அப்படியல்ல, கால் பிடித்து நிற்பது அந்தப் பொருளே. கால்கொள்ளுதல் என்பதற்கு நிலைகொள்ளுதல், வேரூன்றுதல் என்ற பொருள்கள் வந்தது இதனால்தான். மழை கால்கொண்டது என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம்மூர்க் கலியாண வீட்டில் ஊன்றும் கன்னிக்காலைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். அது முள்முருக்கங் கொப்பு. வெட்டிய கொப்பில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நிலத்தில் ஊன்றி, நவதானியம் இட்டு, பாலும் நீரும் வார்ப்பார்கள். முள்முருக்குக்குப் போத்து நட்டாலே போதும், வேர்விட்டுவிடும். நட்டது தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. வேலிக்கு நடும் கதியாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கதிக்கும் கால், அதாவது தழைக்கும் கால், கதிகாலாகிப் பேச்சில் கதியால் ஆயிற்று. காய்ந்த கட்டையை ஒருவரும் கதியால் என்று சொல்வதில்லை. ஆகவே ஈழத்துத் தமிழர் வழக்கில் ‘கால்’ நடுவது என்றால் உயிருள்ள ஒன்றை நடுவது என்ற நினைவு இன்னும் அழியவில்லை. கட்டடத்தை விட்டுப் பிள்ளையின் பக்கம் இச்சொல் சாய்ந்ததற்கு இது உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு.

மட்டக்களப்பில் இந்த நினைவுக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. சிலப்பதிகாரக் கதையைக் கோயிலுக்குள் வைத்துக் காப்பாற்றிய நிலம் இது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரைக் காவியம் படித்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கை முடிப்பார்கள். இடையில் வருவது கலியாணக்கால் நடுதல். மரக்கொப்பு ஒன்றைத் தெரிந்து, வெட்டி, ஊர்வலமாகக் கொண்டுவந்து நடுவார்கள். தேற்றாத்தீவுக்கு அயலான செட்டிபாளையத்திலும் கண்ணகி கோயில் இருக்கிறது. வழக்குரை ஏடுகளைத் தேடித் தொகுத்து 1968இல் அச்சேற்றியவர், ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதிய வி. சீ. கந்தையா. கலியாணக்காலுக்கான கொப்பை ஒருவர் தனியே கொண்டுவந்து நட்டால் அது சடங்காகாது. ஊர் கூடி வர வேண்டும். கால் நடுவது ஊரின் செயல் என்ற விளக்கம் இப்பகுதிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கோயில் முன்றிலில் கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் தமிழ் படித்த ஒருவர் தடை எழுப்பக்கூடும். தொல்காப்பியப் புறத்திணையியலில் கால்கோள் வருவது நடுகல்லைப் பற்றிய பகுதியில்தானே? கல்லைக் காணுதல், கால்கோள், நீர்ப்படுத்தல், நடுதல், பெரும்படை, வாழ்த்து என்ற வரிசை அது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களும் இதே ஒழுங்கில் அமைந்தவை. கால்கோட் காதையில் சேரன் செங்குட்டுவன் வடக்கே போரிட்டுக் கண்ணகிக்குக் கல் கொள்கிறான். இறந்தோர்க்கு எடுக்கும் கல்லின் சொல்லை வாழ வேண்டிய பிள்ளைக்குச் சூட்டலாமா என்பது தடையின் முதற்பகுதி. கால்கோள் நடுவதையே குறிக்குமானால் நடுதல் ஏன் தனிப்படியாக வருகிறது என்பது இரண்டாம் பகுதி. முதலாவதற்கு மறுமொழி எளிது. இந்திரவிழாவின் தொடக்கமும் கால்கோள்தான், அங்கே சாவு இல்லை. நீரும் விளக்கும் மாலையும் கூடத்தான் சாவுக்கும் விழாவுக்கும் பொதுவாக இருக்கின்றன. இரண்டாவது தடை கனமானது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொல்காப்பிய வரிசையில் கால்கோள் நடுதலுக்கு முந்தியது. கண்டு தெரிந்த கல்லை ‘இது எமது’ என்று கொள்ளத் தொடங்கும் படி அது. ஆனால் இதனால் என் வாதம் நலிவதற்குப் பதிலாகத் திருத்தமடைகிறது. கால்கோள் விழாவன்று எந்தப் பிள்ளையும் நடப்பட்டு முடிவதில்லை. பாடசாலை அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவே. நீர்ப்படுத்துவதும் நிலைநிறுத்துவதும் இனிவரும் ஐந்தாண்டு வேலை.

இனி வித்தியாரம்பத்துக்கு வருவோம். வித்தையின் ஆரம்பம் என்று அது தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. ஊர்வழக்கில் இதற்கு ஏடு தொடக்குதல் என்பார்கள். விசயதசமியன்று கோயிலிலோ வீட்டிலோ தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பெரியவர் ஒருவர் பிடித்து ‘அ’ எழுதுவிப்பார். ஓலையும் எழுத்தாணியும் போய்ப் பல தலைமுறை ஆகியும் ஏடு என்ற சொல் அங்கே உயிரோடு இருக்கிறது. இந்தச் சடங்கின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அது நடப்பது பெரும்பாலும் மூன்று வயதளவில். அதன்பின் பிள்ளை முன்பள்ளிக்குப் போகிறது. பழையவர்கள் பாலர் பாடசாலை என்று சொன்ன இடம். எழுத்துகளை அடையாளம் காணவும், பாட்டும் கதையும் சொல்லவும் பழகியபிறகே ஐந்து வயது முடிந்து தரம் 1க்கு வருகிறது. ஆகவே அங்கே வித்தை ஆரம்பிப்பதில்லை; ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. ஒரு காலத்தில் அரிவரி வகுப்பே எழுத்தின் முதல் வாசலாக இருந்தபோது வித்தியாரம்பம் பொருத்தமான பெயராக இருந்திருக்கும். அரிவரி தரம் 1 ஆகிவிட்ட பிறகு அந்தப் பெயர் விழாவுக்குப் பொருந்தாமல் போய்விட்டது.

கல்வித்துறையின் நடைமுறையும் இதற்கே சாட்சி சொல்கிறது. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி, தரம் 1க்கு வந்த பிள்ளைக்கு முதல் நாளே பாடம் தொடங்கக் கூடாது. முதலில் நடப்பது பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடுகள். ஆசிரியை விளையாடவிட்டுப் பார்ப்பார்; பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, எந்தப் பிள்ளை பேசாமல் ஒதுங்குகிறது, எது அடுத்த பிள்ளையோடு பொருளைப் பகிர்கிறது என்று குறித்துக்கொள்வார். கல்லைக் கண்டு தெரிவதைத் தொல்காப்பியம் காட்சி என்றது. அதற்கு அடுத்த படி கால்கோள். பாடத்திட்டம் வகுத்தவர்கள் தொல்காப்பியத்தை நினைத்திருக்க வேண்டியதில்லை. இருந்தும் ஒழுங்கு ஒத்துப்போகிறது.

விழாவில் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நிறைகுடமும் குத்துவிளக்கும் வைப்பார்கள், கொடி ஏற்றுவார்கள். அதிபரும் அதிதிகளும் பேசுவார்கள். இந்தப் பகுதி எல்லா விழாவிலும் உள்ளதுதான். தனித்துவமானது அடுத்து வருவது. தரம் 2 பிள்ளைகள் புதிய பிள்ளைகளுக்கு மாலையிட்டுக் கைபிடித்து உள்ளே கூட்டிச் செல்கிறார்கள். போன வருடம் அழுதுகொண்டு வந்தவர்கள் இந்த வருடம் வரவேற்கும் மூத்தவர்கள் ஆகிவிட்டார்கள். ஏடு தொடக்கலில் விரலைப் பிடிப்பவர் கற்றுத் தேர்ந்த பெரியவர். இங்கே கையைப் பிடிப்பது ஒரு வயது மூத்த இன்னொரு பிள்ளை. எழுத்துக்கு ஆசான் வேண்டும், இடம் பிடிப்பதற்குக் கூட்டாளி வேண்டும் என்ற வேறுபாட்டை இந்த ஒரு செய்கை காட்டிவிடுகிறது. சின்னப் பாடசாலையில் இது இன்னும் அழுத்தமாக நிகழும். கைபிடித்தவன் பக்கத்து வளவுப் பிள்ளையாக இருப்பான். மாலை கட்டியவர் அவன் தாயாக இருப்பார். பந்தல் போட்டவர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துத் தந்தைமாராக இருப்பார்கள்.

மதம் பற்றிய பக்கமும் ஒன்று உண்டு. ஏடு தொடக்கல் சைவ மரபோடு பிணைந்தது. தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலும் இருக்கிறது, தொலைவூர்களிலிருந்து மக்கள் யாத்திரை வரும் புனித யூதாததேயு திருத்தலமும் இருக்கிறது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வரும் அரசாங்கப் பாடசாலைக்கு இரண்டு வீட்டுக்கும் பொதுவான சொல் தேவை. உதவி பெறும் பாடசாலைகளை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை மிசனும் சைவ அமைப்புகளும் தத்தம் பாடசாலைகளில் தத்தம் முறைப்படி தொடக்கம் செய்தன. அதன்பிறகு பாடசாலை எல்லோருக்கும் பொதுவானது. வித்தியாரம்பத்தைப் பிறமதத்தவர் வெறுத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கிழக்கின் முஸ்லிம் பாடசாலைகள் கூட இரு சொற்களையும் தயக்கமின்றி ஆள்கின்றன. ஆனால் எவர் வீட்டுச் சடங்கையும் சாராத சொல் ஒன்று கையில் இருக்கும்போது அதை எடுப்பதே முறை.

‘இதெல்லாம் படித்தவர்கள் பின்னால் ஏற்றிச் சொல்லும் பொருள், பதாகை எழுதுகிறவருக்கு இந்திரவிழாவும் தெரியாது, கதியாலும் நினைவுக்கு வராது, அவருக்குக் கால்கோள் என்றால் தொடக்கம்தான்’ என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான பேச்சு. சொல்லின் வேரைக் கொண்டு இன்றைய பொருளை விதிக்க முடியாது; சொல்லாராய்ச்சியில் பலர் வழுக்கி விழும் இடம் அது. என் வாதம் வேரை மட்டும் நம்பியிருக்கவில்லை. தொடக்கம் என்ற பொருளையே எடுத்துக்கொண்டாலும் எதன் தொடக்கம் என்ற கேள்வி நிற்கிறது. வித்தியாரம்பம் அதற்கு வித்தை என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறது. கால்கோள் அப்படி முடிக்கவில்லை. அந்த இடைவெளியில் படிப்பும் வரலாம், நட்பும் வரலாம், ஊரும் வரலாம். ஒரு ஆரம்பப் பாடசாலை தருவது இவை எல்லாம் சேர்ந்த ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது இந்தக் கரை மக்கள் ஓடிப்போய்த் தங்கிய இடங்களில் பாடசாலைகளும் இருந்தன. வாக்களிப்பதும் அங்கேதான், கூட்டம் கூடுவதும் அங்கேதான். வித்தை மட்டும் குடியிருக்கும் ஆலயம் என்று அதைச் சுருக்க முடியாது.

இந்த வேறுபாடு பெயரோடு நின்றுவிடுவதில்லை. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடிப் பெரிய பாடசாலைகளோடு இணைக்கலாம் என்ற பேச்சு அடிக்கடி எழும் காலம் இது. ஆசிரியர் பற்றாக்குறையும் செலவும் உண்மையான சிக்கல்கள். அவற்றைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் சில சின்னப் பாடசாலைகளுக்காக வாதாடுவது கடினமே. ஆனால் அந்த அளவுகோல் வித்தியாரம்பத்துக்கு உரியது. ஐந்து வயதுப் பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில், தன்னைத் தெரிந்தவர்கள் நடுவில், கைபிடிக்க ஒரு மூத்த பிள்ளை இருக்கும் இடத்தில் கால்கொள்கிறதா என்பது வேறு அளவுகோல். கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதிபர்களிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும்போது ஏடு தொடக்கலை விசயதசமிக்கே விட்டுவிட்டு, தரம் 1க்குக் கால்கோள் விழா என்றே போடுங்கள். அன்று அதிதிகளின் பேச்சைக் குறையுங்கள். அந்த நேரத்தைத் தரம் 2 பிள்ளைகளிடம் கொடுங்கள்; புதிய பிள்ளைகளுக்கு வகுப்பறையையும் கிணற்றடியையும் விளையாட்டுத் திடலையும் அவர்களே சுற்றிக் காட்டட்டும்.