ஒரு நிக்காஹ் வழக்கும் தில்லையாடி வள்ளியம்மையும்

1913 மார்ச் 14ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதியரசர் சேர்ள் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஹஸன் ஈஸப் என்ற இந்திய முஸ்லிம், மார்க்க முறைப்படி மணம் முடித்த தன் மனைவி பாய் மர்யமை அந்நாட்டுக்கு அழைத்தபோது குடிவரவு அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு அதிலிருந்து வந்தது. பலதார மணத்துக்கு இடமளிக்கும் மார்க்கத்தின்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் திருமணமாகக் கொள்ளாது என்பதே தீர்ப்பின் சாரம். ஒரே நாளில் முஸ்லிம், இந்து, பார்ஸி வீட்டுப் பெண்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்களாகிப் போனார்கள்.

தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் காந்தியில் தொடங்கிக் காந்தியிலேயே முடிகின்றன. பாய் மர்யமின் பெயர் அவற்றில் அபூர்வம். 1906 செப்டெம்பர் 11இல் ஜோகன்னஸ்பேர்க் எம்பயர் அரங்கில் கூடிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அப்துல் கனி. அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்வோம் என்று அங்கு முதலில் எழுந்து நின்றவர் ஹாஜி ஹபீப். சத்தியாக்கிரகத்தின் பிறப்பு அந்தச் சத்தியத்தில்தான். அப்போது வள்ளியம்மைக்கு வயது எட்டு. அதே நகரில், சிறு வியாபாரியான முனுசாமி முதலியாருக்கும் தில்லையாடியைத் தாயூராகக் கொண்ட மங்களத்துக்கும் பிறந்த பிள்ளை அவர். ஆண்கள் ஜெயிலுக்குப் போவதும் வருவதுமாக இருந்த ஊரில்தான் வளர்ந்தார். பெண்களை அந்தப் போராட்டத்தில் இறக்கியது 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

ஆனால் வள்ளியம்மை ஜெயிலுக்குப் போனது திருமணப் பிரச்சினைக்காக மட்டுமல்ல, மூன்று பவுண் வரிக்காகவும்தான். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்த பின் திரும்பிப் போகாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இருப்பவர் வருடத்துக்கு மூன்று பவுண் கட்ட வேண்டும் என்றது 1895ஆம் ஆண்டுச் சட்டம். முதல் வருடக் கூலி மாதம் பத்து ஷிலிங். மூன்று பவுண் என்றால் அறுபது ஷிலிங், ஆறு மாதச் சம்பளம். 1903இல் இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: ஆண்பிள்ளைக்குப் பதினாறு வயதிலிருந்து, பெண்பிள்ளைக்குப் பதின்மூன்றிலிருந்து. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆள் சுதந்திரமாக நிற்கக் கூடாது. அதற்கு அந்த வயது வசதியாக இருந்தது. நம்மட பக்கத்திலும் வயது அப்படித்தான் கூடிக் குறைந்திருக்கிறது. 1988இல் பிறந்த மூதூர் ரிஸானா நபீக், 1982இல் பிறந்ததாகச் சொல்லும் கடவுச்சீட்டோடுதான் 2005இல் சவூதிக்கு வேலைக்குப் போனார். 2013 ஜனவரி 9இல் அங்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவட வாப்பா கூலியும் இல்ல, அவ வரி கட்டவும் தேவல்ல. பிறகென்னத்துக்கு சேர் ஜெயிலுக்குப் போன?" என் வகுப்பில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும், உம்மா குவைத்தில் இருக்கும் பிள்ளையும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். ஆகவே கேள்வி அவ்வளவு தூரத்துக் கேள்வியல்ல.

அதற்கான விடை அந்தப் பெண்கள் போன பாதையில் இருக்கிறது. திருமணத் தீர்ப்பால் கொதித்து வந்த டிரான்ஸ்வால் பெண்களில் முதல் குழுவினர் நியூகாசிலுக்குப் போனார்கள். அது நிலக்கரிச் சுரங்க ஊர். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான அவர்கள் சுரங்கத் தொழிலாளரிடம் தமிழிலேயே பேசினார்கள். சில நாட்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஒக்டோபர் 21இல் அவர்களைப் பிடித்து மூன்று மாதத் தண்டனை கொடுத்தார்கள். எட்டு நாள் கழித்து, 29ஆம் திகதி, அடுத்த குழுவில் மங்களமும் மகளும் புறப்பட்டார்கள். வள்ளியம்மைக்கு அப்போது பதினைந்து வயது. நவம்பர் 6இல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தபோது, 127 பெண்களும் 57 பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். டிசம்பர் 22இல் வொல்க்ஸ்ரஸ்டில் தாயும் மகளும் பிடிபடும் வரை ஏறத்தாழ எட்டு வாரம் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் நடந்த ஊர்களில்தான் இருந்தார்கள். பேச்சைக் கேட்டுப் போராளியானவர் என்று வள்ளியம்மையை எழுதுவது பொருந்தாது. வீட்டுப் பிரச்சினைக்காகப் புறப்பட்ட பிள்ளை, வழியில் கூலிக்காரரின் பிரச்சினைக்குள் போய்ச் சேர்ந்தார் என்றுதான் நான் படிக்கிறேன்.

மூன்று மாதக் கடூழியத் தண்டனை, மரிட்ஸ்பேர்க் சிறை. போன கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் பிடித்தது. தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலை தருகிறோம் என்றதை அவர் ஏற்கவில்லை. வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்த அவரிடம், ஜெயிலுக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இப்போதே மறுபடியும் போகத் தயார் என்பதுதான் பதில். 1914 பெப்ரவரி 22இல், பதினாறு நிறைந்த அதே நாளில், காலமானார். ஜூலை 15இல் பிராம்ஃபொன்டெய்ன் மையவாடியில் அவருடைய நினைவுக்கல்லைத் திறந்து வைத்த காந்தி, மூன்று நாள் கழித்துத் தென்னாபிரிக்காவை விட்டே போய்விட்டார்.

அதற்கிடையில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியிருந்தது. மூன்று பவுண் வரி ஒழிந்தது. நேட்டால் தோட்டத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எவருக்கும் கடன்காரி இல்லை. திருமண விடயத்தில் மட்டும் பாதிதான் கிடைத்தது: ஒரே மனைவி இருந்தால், பதிவும் நடந்தால், அந்த மனைவியைச் சட்டம் ஏற்கும் என்றார்கள். பதியாத நிக்காஹ் அப்படியே வெளியில் நின்றது. பாய் மர்யமின் வழக்கு நடந்து நூற்றொன்பது வருடங்களுக்குப் பிறகு, 2022 ஜூன் 28ஆம் திகதிதான் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், முஸ்லிம் திருமணங்களை அங்கீகரிக்காமல் விட்டது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனதும் ஒரு பெண்கள் சட்ட நிலையம்தான்.