குழந்தையின் நடத்தைச் சிக்கலும் நிபுணர் உதவியும்: மரக்காணம் உப்பளக் கரை

அடம், சண்டை, ஓரிடத்தில் நிலைகொள்ளாமை, பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகியவை மாதக்கணக்கில் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் தலைகாட்டி, படிப்பையும் உறவையும் கெடுத்தால் அது நடத்தைச் சிக்கல். இரண்டு வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுவது வளர்ச்சியின் இயல்பு. எட்டு வயதிலும் அது அன்றாடம் நடந்தால் காரணம் தேட வேண்டும். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினரிடம் மனநலக் கோளாறு கண்டது. மனநலக் கோளாறு இவ்வளவு பரவலாக இருக்கையில், நடத்தைச் சிக்கலைத் தாயின் வளர்ப்புக் குறை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள மரக்காணத்தில், நிபுணர் உதவிக்குக் குறுக்கே நிற்பது அறியாமையைவிட அன்றாடக் கூலிதான். உப்பளத்தில் வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாருபவருக்கு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே பரிசோதனை குழந்தை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். நடத்தைக் கோளாறும் அதன் பரிசோதனைப் பட்டியலில் உண்டு. தொடர் சிகிச்சைக்குப் பருவமழைக் காலம் ஏற்றது. உப்பு உற்பத்தி நின்றுபோகும் அந்த மாதங்களில் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். குழந்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சியை அப்போது மரக்காணத்திலேயே நடத்துவது மாவட்ட மனநலத் திட்டத்தின் கடமையாக வேண்டும்.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்பார்கள். பல குழந்தைகளுக்கு அப்படி ஆவதும் உண்மை. ஆனால் நீடித்த சிக்கலில் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் படிப்பு பின்தங்குகிறது, அடி கூடுகிறது. "மருந்து கொடுத்து மந்தமாக்கிவிடுவார்கள்" என்ற அச்சமும் உண்டு. நல்ல மருத்துவர் முதலில் காது, கண், தூக்கம், இரத்தசோகை ஆகியவற்றைப் பார்ப்பார். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சொல்பேச்சு கேட்காத பிள்ளையாகத் தோன்றும். அடுத்தது பெற்றோர் பயிற்சி; உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைக்கிறது. "ஒழுங்காயிரு" என்று அதட்டாமல் "தட்டைக் கழுவி வை" என ஒரே வேலையைச் சொல்வதும், செய்தவுடன் பாராட்டுவதும் அதில் அடங்கும். மருந்து தேவைப்படுவோர் சிலரே. "பைத்தியக்காரப் பட்டம் வந்துவிடும்" என்று தயங்குவோர், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் வீட்டிலிருந்தே தமிழில் பேசலாம். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை. அதோடு மருத்துவரையும் பாருங்கள், காலம் தாழ்த்த வேண்டாம்.