சிலுவை சுமந்த நண்டு

கிறிஸ்துவ சமயத்தில் விலங்குகளுக்கு என்ன இடம் என்று கேட்டால், பெரும்பாலோர் உடனே ஆட்டுக்குட்டியைச் சொல்வார்கள். அடுத்து புறா. கொஞ்சம் விவரம் அறிந்தவர்கள் மீனையும் சேர்த்துக்கொள்வார்கள். நண்டைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் மலாக்கா நீரிணையின் கரையோடு தொடர்புடைய ஒரு கிறிஸ்துவச் சின்னம் நண்டு.

கோலசிலாங்கூரில் தொடங்கி சிகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் என்று வடக்கே நீளும் கடலோரத்தில் நண்டு அன்றாட உணவு. இந்த நீரிணையில் ஒரு வகை நண்டு உண்டு. செம்பழுப்பு நிற ஓட்டின் நடுவே, வெளிர் நிறத்தில் ஒரு சிலுவை தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இதன் பெயரே சிலுவை நண்டு. அந்தச் சிலுவை எப்படி வந்தது?

புயலும் சிலுவையும்

பிரான்சிஸ் சேவியர் 1506-இல் ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்தவர். 1542-இல் கோவாவுக்கு வந்தார். அதே ஆண்டில் தூத்துக்குடி, மணப்பாடு அடங்கிய முத்துக்குளித்துறைக்குச் சென்று பரதவ மக்களிடையே பணியாற்றினார். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அதை மனப்பாடமாகக் கற்றுக்கொடுத்தார். 1545-இல் மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி மலாக்காவை அடைந்தார். 1546-இன் தொடக்கத்தில் அங்கிருந்து கிழக்கே மொலுக்கஸ் தீவுகளுக்குப் போனார்.

அந்தப் பயணத்தில்தான் நண்டின் கதை பிறக்கிறது. கடலில் புயல் அடித்தது. சேவியர் தம் கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றிக் கடலில் அமிழ்த்தினார். அலை அதைப் பறித்துக்கொண்டது. மறுநாள் கரையில் நடந்தபோது, ஒரு நண்டு கடலிலிருந்து வெளியே வந்தது. அதன் கொடுக்கில் அந்தச் சிலுவை இருந்தது. சேவியர் நண்டை ஆசீர்வதித்தார். அதன் ஓட்டில் சிலுவை பதிந்தது. இப்படித்தான் மக்கள் சொல்லி வந்தார்கள்.

கேள்விகள் இரண்டு

சேவியரின் கடிதங்கள் பல இன்றும் இருக்கின்றன. அவற்றில் இந்த நிகழ்ச்சி இல்லை. அவர் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத் தீவில் இறந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான், உடன் பயணம் செய்ததாகச் சொன்ன பவுஸ்டோ ரோட்ரிகஸ் என்ற போர்த்துக்கீசியர் இதைச் சாட்சியமாகக் கொடுத்தார். சேவியரைப் புனிதராக அறிவிப்பதற்கான விசாரணை நடந்த காலம் அது. 1622-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இரண்டாவது கேள்வி இயற்கையைப் பற்றியது. இந்த நண்டு மலாக்காவில் மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஜப்பான் வரை இருக்கிறது. 1758-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஓட்டின் கோலம் அந்த இனத்தின் பிறவி அடையாளம். சேவியர் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே அது இருந்திருக்கும்.

அப்படியானால் கதை பொய்யா? நம்பி வந்தவர்கள் ஏமாந்தார்களா?

மற்ற கரைகளிலும் மனிதர்கள் இதையே செய்திருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு நண்டின் ஓடு கோபமான மனித முகம்போல் இருக்கும். 1185-இல் கடற்போரில் மாண்ட ஹெய்க்கே வீரர்களின் ஆவி அதில் இருக்கிறது என்பார்கள். ஐரோப்பாவில் கழுதையின் முதுகில் உள்ள கருங்கோட்டைச் சிலுவை என்பார்கள். இயேசுவை எருசலேமுக்குச் சுமந்ததற்குக் கிடைத்த பரிசாம். கோலம் முதலில் இருந்தது. மறக்கக் கூடாத ஒன்றை மனிதன் அதன்மேல் எழுதி வைத்தான்.

தீட்டான உயிர்

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தின்படி, துடுப்பும் செதிளும் இல்லாத நீர்வாழ் உயிர்கள் அருவருப்பானவை. நண்டு அந்தப் பட்டியலில் விழுந்துவிடுகிறது. சமய விதிகளைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் அதை உண்ண மாட்டார்கள். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தில் பேதுரு ஒரு தரிசனம் காண்கிறார். தீட்டான உயிர்கள் நிறைந்த ஒரு விரிப்பு வானத்திலிருந்து இறங்குகிறது. இறைவன் சுத்தமாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்று குரல் கேட்கிறது. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது என்று பேதுரு அதற்குப் பொருள் சொல்கிறார்.

தமிழிலும் நண்டுக்கு நல்ல பெயர் இல்லை. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பது பழமொழி. ஆனாலும் கும்பகோணம் அருகே திருந்துதேவன்குடியில் சிவனின் பெயர் கற்கடேஸ்வரர். சாபம் பெற்ற ஒரு கந்தர்வன் நண்டாகப் பிறந்து பூசித்த தலம் என்கிறது தலபுராணம். ஊரார் அதை நண்டாங்கோயில் என்றே அழைக்கிறார்கள். சேற்றில் வாழும் உயிரும் கடவுளை நெருங்கலாம் என்பதில் இரண்டு கதைகளும் ஒன்றாகின்றன.

தென்னந்தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் கூலி என்று அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஊரில் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களும் அவர்களின் முன்னோர்களில் இருந்தார்கள். சிங்கமோ கழுகோ அல்ல, தீட்டான நண்டுதான் சிலுவையைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று ஒரு கதை சொல்கிறது. கதையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அது விலங்கியல் சான்றாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

சேவியரின் உடல் 1553-இல் மலாக்காக் குன்றின்மேல் உள்ள தேவாலயத்தில் சில மாதங்கள் வைக்கப்பட்டு, பின்னர் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குன்றில் இன்று இருப்பது வெறும் கல்லறைக் குழி. ஆனால் கீழே கடலில் சிலுவை நண்டு இன்னும் வலையில் விழுகிறது. சில கத்தோலிக்கக் குடும்பங்கள் அதன் ஓட்டைக் காயவைத்துப் பாதுகாப்பதுண்டு. பிள்ளை அது என்ன என்று கேட்கும்போது புயலின் கதையையும் சொல்லலாம். கோலம் பிறவியிலேயே வந்தது என்பதையும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெற்றோர் பிள்ளையிடம் எதையும் மறைக்கவில்லை.