ஜக்காத்தில் கடனாளிகள் பங்கு (காவிரிப் படுகை)

இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஜக்காத்தைப் பெறத் தகுந்தவர்களாகக் குர்ஆன் (9:60) எண்ணும் எட்டு வகையினருள் கடனாளிகளும் ஒரு வகை. அரபியில் இவர்கள் காரிமீன் எனப்படுவர். காவிரிப் படுகையின் நெல் ஊர்களில் இப்பங்கு தனிமனிதர் கைவழியாகவும், பிற்காலத்தில் பைத்துல்மால் (பொது நிதி) வழியாகவும் கடனாளிகளைச் சென்றடைகிறது.

தொடக்ககால அறிஞர் முஜாஹித் கடனாளிகளை மூவராகப் பிரித்ததாகச் சொல்வர்: வெள்ளம் உடைமையைக் கொண்டுபோனவர், வீடு தீக்கிரையானவர், கையில் பொருளின்றிக் குடும்பத்துக்காகக் கடன் வாங்கியவர். உமையாக் கலீஃபா இரண்டாம் உமர் (ஆட்சி 717–720) கடனாளிகளின் கடனை அடைக்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார். வீடும் பணியாளும் குதிரையும் தட்டுமுட்டுச் சாமான்களும் உள்ளவரும் கடனாளியாக வருகிறாரே என்று அவர்கள் பதில் எழுதினர். குடியிருக்க வீடும், வேலைக்கு ஆளும், போருக்குக் குதிரையும், வீட்டுக்குச் சாமானும் மனிதனுக்கு வேண்டியவையே; அவை இருந்தாலும் அவர் கடனாளிதான், அடைத்துவிடுங்கள் என்று உமர் மறுமொழி அனுப்பினார். அறிஞர் அபூ உபைது (இறப்பு 838) தம் கிதாபுல் அம்வால் நூலில் இதைப் பதிந்துள்ளார். கடனாளி வீட்டை விற்றுத் தெருவுக்கு வந்த பிறகே உதவி என்ற நிலையை இம்மறுமொழி ஏற்கவில்லை.

படுகையின் முஸ்லிம்களில் கடலோர மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி சட்டப்பள்ளியினர், உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி சட்டப்பள்ளியினர். ஹனஃபிகளிடம், கடன் போக மிஞ்சுவது நிஸாபை (ஜக்காத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) எட்டாதவரே இப்பங்குக்கு உரியவர். ஊர்ச் சண்டையைத் தீர்க்கத் தன் பொறுப்பில் கடன் ஏற்றவர் வசதியானவரானாலும் பெறலாம் என்பது ஷாஃபி கருத்து. குத்தகைதாரர் தர வேண்டிய நெல்லை மிராசுதார் தள்ளுபடி செய்து அதையே ஜக்காத்தாக வரவு வைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கூடாது என்போரே மிகுதி. நிபந்தனையின்றி ஜக்காத்தைக் கையில் கொடுத்து, குத்தகைதாரர் தாமாகக் கடனை அடைத்தால் ஏற்பர்.

ஜக்காத் தரும் உழவரின் கடனும் கேள்விக்கு வருகிறது. நெல்லின் ஜக்காத், மழையிலும் ஆற்றிலும் விளைந்தால் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. சாகுபடிக் கடனைக் கழித்த பிறகே கணக்கிடலாம் என்பதை நபித்தோழர்கள் இப்னு உமர், இப்னு அப்பாஸ் ஆகியோரின் கருத்தாகச் சொல்வர், ஹனஃபிகள் கழிப்பதில்லை.



கடனாளிகளுக்கு ஜக்காத்துக்கு வெளியே சட்டத்தின் வழியாகவும் உதவி வந்ததுண்டு. 1930களில் நெல் விலை சரிந்தது. 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழைய கடன்களில் நிலுவை வட்டியை நீக்கியது, அசல் நின்றது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. முஜாஹித் சொன்ன முதல் வகையினரைப் போல உடைமையை இழந்தவர்கள் இங்கே ஊர் ஊராக உருவாயினர்.

அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால்கள் இயங்குகின்றன. ஜக்காத் வாங்கியவருக்கே சொந்தமாகும், திரும்பாது. வட்டியில்லாக் கடன் வேறு நிதியிலிருந்து தரப்படுவது பொது வழக்கம். ஜக்காத்தின் கடனாளிப் பங்கையே வட்டியில்லாக் கடனாகத் தரலாம் என்று ஹைதராபாத்தில் பிறந்த அறிஞர் முகம்மது ஹமீதுல்லா (1908–2002) முதலிய சிலர் கருதினர்.