ஆறும் அன்னையும்: பெயர் மாற்றத்தின் சமூக அடிப்படை பற்றிய ஒரு குறிப்பு

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, களனி ஆறு கடலோடு கலக்கும் பகுதியை அடுத்து முகத்துவாரம் அமைந்துள்ளது. அங்குள்ள காளி கோயிலுக்குத் தமிழரும் சிங்களவரும் நேர்த்தி வைத்துச் செல்கின்றனர். களனியின் பாளி வடிவம் கல்யாணி. கலியாணி என்பது உமையின் பெயர்களுள்ளும் ஒன்று. இவ்வொற்றுமையை மட்டும் கொண்டு களனியாறு ஆதியிலே அன்னைத் தெய்வமாக வணங்கப்பட்டதென முடிவு கூறுவது எளிது. ஆனால் அது ஆராய்ச்சியாகாது. சொல்லொற்றுமை வினாவை எழுப்பலாம். விடையைச் சமூக வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

காவிரியை எடுத்துக்கொள்வோம். காக்களை விரிப்பதாற் காவிரி என்பது ஒரு விளக்கம். கவேரனின் மகளாதலாற் காவேரி என்பது மற்றொன்று. இரண்டும் பெயர் தோன்றியபின் கற்பிக்கப்பட்ட காரணங்களாகவே தோன்றுகின்றன. எனினும் இரண்டாவது விளக்கம் வரலாற்று மாணவனுக்குப் பயனுடையது. மணிமேகலையிலே காவிரிக்குக் கவேரன் தந்தையாகின்றான். காந்தமன் என்னும் சோழன் வேண்ட, அகத்தியனின் கரகம் கவிழ்ந்து அவள் பெருகுகின்றாள். சிலப்பதிகாரக் கானல்வரியிலே அவள் சோழனின் துணைவி. தந்தை, முனிவன், கணவன் என்னும் மூன்று ஆடவரின் உரிமைக்குள் ஆறு அடங்கிவிடுகின்றது. வயலும் வாய்க்காலும் அரசிறையின் ஊற்றாகிய ஒரு சமுதாயத்திலே, நீரின் மேலுள்ள உரிமை குடும்ப உறவின் மொழியிலே கூறப்பட்டதெனலாம்.

அதே மணிமேகலையில் மூத்த தெய்வமாகிய சம்பாபதி காவிரியை வரவேற்று, தன் பெயர் தாங்கிய மூதூருக்கு அவளது பெயரை வழங்குகின்றாள். சம்பாபதி காவிரிப்பூம்பட்டினமாகின்றது. காட்டையும் வேட்டையையும் சார்ந்திருந்த கொற்றவைக்குப் பழையோள், காடுகிழாள் என்னும் பெயர்கள் வழங்கியமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அப்பெயர்கள் எவருடைய மனைவியாகவும் அவளைக் குறிக்கவில்லை. முருகனே கொற்றவையின் சிறுவன் என அவளால் அறியப்படுகின்றான்.

இது தமிழருக்கு மட்டும் உரிய போக்கன்று. பிரான்சிலுள்ள மார்ன் ஆற்றின் பழைய கெல்ற்றியப் பெயர் மாத்ரோனா. தாய் என்னும் பொருளடியாகப் பிறந்தது. அயர்லாந்தின் பொயின் ஆற்றைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே தொலமி புவிந்தா எனக் குறித்தார். அதன் தெய்வமாகிய போவனின் பெயருக்கு வெண்பசு என்று பொருள் கொள்வர். கால்நடையே செல்வமாயிருந்த மக்கள் தம் ஆற்றைப் பசுவெனக் கண்டனர். ஆனால் இடைக்கால ஐரிஷ் கதையிலே போவன் நெக்தனின் மனைவி, விலக்கப்பட்ட கிணற்றை அணுகியமையால் பொங்கிய நீரிற்பட்டு அழிகின்றாள், அந்நீரே ஆறாகின்றது. தெய்வம் குற்றவாளியாக்கப்பட்டமை நோக்கத்தக்கது. எனினும் தெய்வம் பெண் என்பதால் அச்சமுதாயத்திலே பெண்ணே ஆட்சி செலுத்தினாள் என்று கொள்ளுதல் பொருந்தாது. தெய்வத்தைப் போற்றிக்கொண்டே பெண்ணை ஒடுக்கிய சமுதாயங்களை நாம் நன்கறிவோம்.

ஈழத்திலே இப்போக்கின் தெளிவான சான்று கண்ணகியாகும். சிங்கள மக்களிடையே அவள் பத்தினி. வடமொழியிலே மனைவி என்னும் பொருளுடைய சொல் அது. மதுரையை எரித்தவளின் சினத்தைவிடக் கற்பே அப்பெயரில் முதன்மை பெற்றது. யாழ்ப்பாணத்திலே, ஆறுமுக நாவலர் (1822-1879) முன்னெடுத்த ஆகமச் சைவச் சீர்திருத்தத்தின் செல்வாக்கால், கண்ணகி கோயில்கள் பல ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி கோயில்களாயின. மட்டக்களப்பிலோ வைகாசிச் சடங்கும் குளிர்த்தியும் கண்ணகியின் பெயராலேயே நிலைத்தன. கண்டிப் பெரஹராவிற் பத்தினி தேவாலயமும் பங்குகொள்கின்றது. அவ்விழா கெட்டம்பேயில் மகாவலியின் நீரை வெட்டும் சடங்குடன் நிறைவெய்துகின்றது. இரு மரபிலும் அன்னையின் வழிபாடு நீருடன் பிணைந்துள்ளது.

இந்நாட்டிலே பெயராய்வு பெரும்பாலும் நிலவுரிமைக்கான உறுதிப்பத்திரமாகவே பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. ஓர் ஊரின் பெயர் தமிழா சிங்களமா என்று வாதிடுவோர், அவ்வூரிலே நாற்று நட்டவர் யார், விளைந்ததைக் கொண்டு சென்றவர் யார் என வினவுவதில்லை. அன்னையின் பெயர்களை ஆராய்வோர் அந்த வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். முகத்துவாரத்திலே பிணியுற்ற பிள்ளைக்காக நேர்த்தி வைக்கும் இரு தாய்மாரும் வெவ்வேறு மொழிகளில் வேண்டுகின்றனர். அவர்களை அங்கு கொண்டுவந்த துயரம் ஒன்றே.