மண்டிக்கு வாங்கியவர், டேனரிக்கு வாங்கியவர்

ஆம்பூர் பக்கத்து மாதனூரில் எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாகத் தோல் வாங்குகிறோம். தாத்தா சென்னைப் பெரியமேட்டு மண்டிக்காரர் ஒருவருக்காக வாங்கினார். நைனா தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிக்கு வாங்கினார், நானும் டேனரிக்குத்தான். இப்போது அக்கா மகன் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிறான். அவனுக்காக அந்நாட்டுத் தொழில் பட்டியலைப் படித்தபோது, இந்த வேலையின் வரலாற்றை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

உப்புத்தோல் வாங்குவது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை. மயிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வரக்கூடாது. வந்தால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது. எடை கூட்ட உப்பை அள்ளித் தூவியிருப்பார்கள், உதறிப் பார்க்க வேண்டும். சதைப்பக்கம் திருப்பினால் உரித்தவரின் கத்திவெட்டு தெரியும். உண்ணிக்கடி, அம்மைத் தழும்பு, முள் கீறல் எல்லாம் மயிருக்கடியில் ஒளிந்திருக்கும். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய பிறகுதான் அவை வெளிவரும். பணமோ அதற்கு முன்பே கைமாறியிருக்கும். எந்தப் பக்கத்து ஆடு, எந்த மாதத்தில் அறுத்தது என்று கேட்டே தாத்தா தரம் சொல்வாராம். டேனரியின் லாபமும் நட்டமும் வாங்கும் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

தாத்தா காலத்துத் தோல் ஆவாரம்பட்டையில் பதப்பட்டு, ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போனது. முதல் உலகப் போரில் பட்டாளத்து பூட்ஸுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டதால் 1916இல் பிரிட்டிஷ் அரசு அந்த வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தது.

பெரிய திருப்பம் 1970களில். அரசு அமைத்த சீதாராமையா குழு 1972இல் சொன்னபடி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. முழுதாக முடித்த தோலும் ஷூவும் இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று. அதுவரை தோல் நல்லதா என்று பார்த்தால் போதும். நைனாவோ இது ஷூவின் மேல்தோலுக்கு ஆகுமா, லைனிங்குக்குத்தான் ஆகுமா என்று வாங்கும்போதே சொல்ல வேண்டியிருந்தது. டேனரிக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆறு கெட்டதை இந்த ஊர்க்காரனாக நான் மறைக்க மாட்டேன். அந்தத் தீர்ப்பு வந்தே ஆக வேண்டியிருந்தது. இப்போது மயிர் நீக்கிக் குரோமில் பதப்பட்ட ‘வெட் ப்ளூ’வைத்தான் நான் பெரும்பாலும் வாங்குகிறேன். அதில் குறை கண்ணுக்கு நேரே தெரியும்.

கனடா 1967இல் புள்ளிமுறை கொண்டுவந்து, பிறந்த நாட்டைப் பார்ப்பதை விட்டுப் படிப்பையும் மொழியையும் வேலையையும் எடைபோடத் தொடங்கியது. இன்று அவர்கள் பட்டியலில் 62101 என்ற எண் சில்லறை, மொத்த வியாபாரக் கொள்முதலாளருக்கு உரியது. வாங்கிய சரக்கை அப்படியே விற்கும் நிறுவனத்துக்கு வாங்குபவர் அவர். ஆலையில் மேற்கொண்டு பக்குவப்படுத்த வாங்குபவருக்கு எண் 12102. அப்படிப் பார்த்தால் தாத்தா 62101, நைனா 12102. ஒரே கண், ஒரே கை. யாருக்கு வாங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம். இரண்டுமே திறன் வேலை என்றே அங்கே கணக்கு. இங்கே நைனாவைக் ‘கூலிக்குத் தோல் புரட்டுகிறவர்’ என்றே சொன்னார்கள். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

கனடாவின் திறன் தொழிலாளர் வழியில் தகுதிபெறக் குறைந்தது ஓராண்டுத் தொடர் முழுநேர அனுபவம் வேண்டும். நூற்றுக்கு 67 புள்ளி வேண்டும். மொழித் தேர்வு தனி. எங்கள் பக்கத்துப் பையன்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அனுபவக் கடிதத்தில். மண்டியில் வாய்ப்பேச்சுதான் எல்லாம். சம்பளச் சீட்டு கிடையாது. கிடைக்கும் கடிதத்திலும் ‘நல்ல பையன், நேர்மையானவன்’ என்றுதான் இருக்கும். அதிகாரிக்கு வேண்டியது வேலையின் விவரம், வார மணிநேரம், சம்பளம். அக்கா மகன் வேலைபார்த்த மண்டி முதலாளி எழுதத் தயங்கியதால், நானே போய் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னேன்: தோலைத் தரம் பிரித்தான், விலை பேசினான், வரும் பருவத்துக்கு எவ்வளவு சரக்கு வேண்டும் என்று கணித்தான். முதலாளி எழுதி முடித்துவிட்டு, இதே மாதிரி இன்னும் இரண்டு பையன்களுக்கும் எழுத வேண்டும், நாளைக்கும் வா என்றார்.